ஓடையைத் தொடர்ந்து போன சாலை

கலிபோர்னியாவின் 110ஆம் எண் நெடுஞ்சாலை சான் பெட்ரோ துறைமுகத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து வடக்கே லாஸ் ஏஞ்சலஸ் நகர மையம் வரை அது கூட்டாட்சி அரசின் இன்டர்ஸ்டேட் சாலை. இன்டர்ஸ்டேட் 10ஐத் தாண்டியதும் எண் அப்படியே இருக்க, தகுதி மாறிவிடுகிறது. சிவப்பும் நீலமுமான கேடயப் பலகை போய், மண்வெட்டி வடிவிலான பச்சைப் பலகை வருகிறது. அதற்கு மேல் பசடீனா வரை அது மாநிலச் சாலை மட்டுமே. இந்த வடபகுதியில், நகர மையத்து நான்கடுக்குச் சந்திப்பிலிருந்து பசடீனாவின் கிளெனார்ம் தெரு வரை உள்ள சுமார் 13 கி.மீ. நீளத்துக்கு அரோயோ செக்கோ பார்க்வே என்று பெயர். இன்டர்ஸ்டேட் தரத்தின்படி ஒரு தடத்துக்கு 12 அடி அகலம் வேண்டும். இங்கே பல இடங்களில் 11 அடிதான். வண்டி பழுதானால் ஒதுங்கி நிற்கத் தொடர்ச்சியான ஓரம் கிடையாது. சில இறங்குதடங்களில் மணிக்கு 5 மைல் வேகத்தில்தான் திரும்ப வேண்டும் என்று பலகை எச்சரிக்கிறது. சில ஏறுதடங்களில் நின்று பார்த்துவிட்டு, நின்ற நிலையிலிருந்தே ஓடும் வண்டிகளுக்குள் நுழைய வேண்டும்.

இப்படிப்பட்ட சாலையைத்தான் அமெரிக்க மேற்குப் பகுதியின் முதல் ஃப்ரீவே என்று வரலாறு பதிந்திருக்கிறது. இதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டு அணிகளாகப் பிரிந்திருக்கிறார்கள். ஒரு சாரார் இதைக் காலாவதியான, ஆபத்தான சாலை என்கிறார்கள். இன்னொரு சாரார் கைவைக்கக் கூடாத பாரம்பரியச் சின்னம் என்கிறார்கள். இரண்டு தரப்பும் கணக்கில் சேர்க்க மறந்தது, சாலைக்குப் பெயர் கொடுத்த ஓடையை. இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் இந்தச் சாலையை எடைபோட முடியாது என்பது என் துணிபு.

அரோயோ செக்கோ, சான் கேப்ரியல் மலைகளில் பிறந்து, பசடீனாவின் மேற்கு ஓரமாக இறங்கி, ஹைலேண்ட் பார்க், மவுன்ட் வாஷிங்டன், மான்டெசிட்டோ ஹைட்ஸ் பகுதிகளைத் தொட்டு, நகர மையத்துக்குச் சற்று வடக்கே லாஸ் ஏஞ்சலஸ் ஆற்றில் கலக்கும் ஓடை. ஆண்டில் பெரும்பகுதி மெலிந்து கிடக்கும். மலையில் மழை பிடித்தால் கற்களை உருட்டிக்கொண்டு வரும். டோங்வா பழங்குடி மக்கள் இதன் கரையில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் முடிவில் எழுத்தாளர்களும் ஓவியர்களும் கைவினைஞர்களும் இந்தக் கரையைத் தேடி வந்து குடியேறினார்கள். பத்திரிகையாளர் சார்லஸ் லம்மிஸ் ஓடையின் உருளைக் கற்களைக் கொண்டே தன் வீட்டைக் கட்டினார். எல் அலிசால் என்ற அந்த வீடு இன்றும் 43ஆம் அவென்யூ இறங்குதடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அவர் முன்னின்று உருவாக்கிய சவுத்வெஸ்ட் மியூசியம் 1914இல் எதிரே மலைச்சரிவில் திறக்கப்பட்டது. ஓடைப் பள்ளத்தாக்கு முழுவதையும் பூங்காவாக்க வேண்டும் என்ற குரல் இந்த வட்டாரத்திலிருந்துதான் எழுந்தது.

அதே பள்ளத்தாக்கில் விரைவாகப் போக ஒரு தடம் வேண்டும் என்ற ஆசையும் அதே காலத்தில் பிறந்தது. அந்த ஆசை மோட்டார் காருக்கு முந்தியது. பசடீனாவின் செல்வந்தர் ஹொரஸ் டாபின்ஸ், சைக்கிள்களுக்கு மட்டுமான உயர்மட்ட மரப்பாதை ஒன்றை லாஸ் ஏஞ்சலஸ் வரை கட்டத் திட்டமிட்டார். 1900ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் அதன் முதல் பகுதி திறக்கப்பட்டது. மரத்தூண்களின் மேல் பலகை பாவி, மின்விளக்கு போட்டு, ஒரு வழிக்கு 10 சென்ட், போய்வர 15 சென்ட் என்று சுங்கம் வைத்தார்கள். குறுக்குத் தெரு எதுவும் வண்டியை நிறுத்தாது; தடத்தில் ஏற வாயில், இறங்க வாயில், நடுவில் தடையில்லாத ஓட்டம். பிற்கால ஃப்ரீவேயின் இலக்கணம் முழுவதும் அதில் இருந்தது. ஆனால் கட்டி முடிந்தது இரண்டு கி.மீ. அளவுக்குத்தான். சைக்கிள் மோகம் தணிந்ததும் வருமானம் நின்றது. பலகைகள் பிரித்து விற்கப்பட்டன.

1924இல் ஓல்ம்ஸ்டெட், பார்தலமியூ, செனி ஆகியோர் லாஸ் ஏஞ்சலஸுக்காகத் தயாரித்த பெருந்தெருத் திட்டத்தில் அரோயோ செக்கோ வழியாக ஒரு பூங்காச் சாலை இடம்பெற்றது. அன்றைக்குப் பூங்காச் சாலை என்பதற்குத் தெளிவான முன்மாதிரி இருந்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் ரிவர் பார்க்வே, சாக்கடையாகிவிட்ட ஒரு ஆற்றைச் சுத்தம் செய்து, கரையை மரஞ்செடிகளால் மீட்டு, அதனூடே காரில் உலாவ அமைத்த சாலை. சாலை அங்கே பூங்காவுக்கு வேலை செய்தது. லாஸ் ஏஞ்சலஸில் அந்தச் சமன்பாடு பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் தலைகீழானது. கார்கள் பெருகின, நகர மையத்துக்கும் பசடீனாவுக்கும் இடையே போய்வருவோர் பெருகினர், வணிகச் சங்கங்கள் வேகமான பாதை கேட்டன. சவுத் பசடீனா ஊர் தன்னை இரண்டாகப் பிளக்கும் பாதை என்று முதலில் எதிர்த்தது; பின்னர் 1930களின் நடுவில் இணங்கியது.

பெருமந்தம் வந்ததுதான் திட்டத்தை நடத்திக் கொடுத்தது என்று சொல்லலாம். வேலையில்லாத ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தரக் கூட்டாட்சி அரசு தொடங்கிய பொதுப்பணி அமைப்புகளின் பணமும் ஆட்களும், மாநிலத்தின் பெட்ரோல் வரியும், நகரத்தின் பங்கும் சேர்ந்து செலவை ஏற்றன. மொத்தம் 50 லட்சம் டாலருக்கு மேல். லாஸ் ஏஞ்சலஸ் நகரப் பொறியாளர் லாயிட் ஆல்ட்ரிச் திட்டத்தின் முதன்மை முகம். 1938 மார்ச்சில் சவுத் பசடீனாவில் பூமி பூஜைக்கு நிகரான சடங்கோடு வேலை தொடங்கியது. அதே மாதத்தின் தொடக்கத்தில்தான் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தைப் பெருவெள்ளம் புரட்டிப் போட்டிருந்தது. ஓடையைக் கான்கிரீட் கால்வாய்க்குள் அடைக்கும் வேலை அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. வெள்ளம் அதற்கு மறுக்க முடியாத நியாயத்தைக் கொடுத்தது.

இந்த இரண்டு வேலைகளையும் தனித்தனியாகப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அது தவறு. ஓடை தன் பள்ளத்தாக்கில் நினைத்தபடி புரண்டு போகிறவரை அங்கே நிலையான சாலை போட இடமில்லை. கால்வாய் ஓடையைக் குறுக்கியது. குறுக்கியதால் கிடைத்த தரையில் சாலை உட்கார்ந்தது. வெள்ளத் தடுப்பும் சாலையும் ஒரே காலத்தின் ஒரே முடிவு. பூங்காவுக்காகச் சொல்லப்பட்ட பள்ளத்தாக்கில் ஓடைக்கு மிஞ்சியது சிமென்ட் வாய்க்கால்.

அந்த வரம்புக்குள் பொறியாளர்கள் காட்டிய அக்கறை உண்மையானது. மலையைச் செதுக்கி நேர்கோடு இழுக்காமல், பள்ளத்தாக்கின் வளைவுகளையே சாலையின் வளைவுகளாக எடுத்துக்கொண்டார்கள். வடிவமைப்பு வேகம் மணிக்கு 45 மைல், அதாவது சுமார் 72 கி.மீ. பக்கத்துத் தடங்களை வெவ்வேறு நிறத்தில், ஒன்று சாம்பல் நிறக் கான்கிரீட்டாலும் மற்றது கருந்தாராலும் பாவினார்கள். ஓட்டுநர் தன் தடத்தைவிட்டு விலகாமலிருக்க. சரிவுகளில் அந்த மண்ணுக்கே உரிய செடிகளையும் மரங்களையும் நட்டார்கள். சவுத் பசடீனாவில் சாலை ஓடையைவிட்டுப் பிரிந்து கிழக்கே திரும்பி, ஆழமாக வெட்டிய பள்ளத்துக்குள் இறங்குகிறது. ஊரின் தெருக்கள் அதற்கு மேலே பாலங்களில் கடந்து போகின்றன. எதிர்த்த ஊருக்குக் கிடைத்த ஆறுதல் அதுதான்.

1940 டிசம்பர் 30 அன்று ஆளுநர் கல்பர்ட் ஓல்சன் சாலையைத் திறந்துவைத்தார். பசடீனாவின் ரோஜா அணிவகுப்பு வழக்கமாகப் புத்தாண்டு நாளில் நடப்பது. அதைக் காண வரும் கூட்டம் புதிய சாலையில் வர வேண்டும் என்பதற்காகவே அந்த நாள். அவ்வாண்டு ரோஜா அரசியாகத் தேர்வான சாலி ஸ்டான்டன் பட்டு நாடாவை அவிழ்த்தார். முதல் ஃப்ரீவே என்ற பட்டத்தைப் பற்றி ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். ஹாலிவுட்டை ஒட்டிய காஹுவெங்கா கணவாய்ச் சாலை அதே 1940 ஜூனில் திறந்துவிட்டது. கிழக்கே பென்சில்வேனியா டர்ன்பைக் அக்டோபரில் திறந்தது. ஜெர்மனியின் ஃப்ராங்ஃபர்ட்–டார்ம்ஷ்டாட் ஆட்டோபான் 1935ஐச் சேர்ந்தது. இத்தாலியில் மிலானிலிருந்து ஏரிகளுக்குப் போகும் சாலை 1924இலேயே வந்துவிட்டது. ஆக, முதன்மை என்ற பெருமையை நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. சாலையின் உண்மையான முக்கியத்துவம் சட்டத்திலும் இருக்கிறது. 1939இல் கலிபோர்னியா சட்டமன்றம், சாலையை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கு அதில் நேரடியாக ஏற உரிமை கிடையாது என்ற புதிய வகைச் சாலைக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. சாலை என்றால் வாசலில் இறங்குவது என்றிருந்த பழைய வழக்கம் அத்தோடு முறிந்தது. அந்தச் சட்டம் இல்லாமல் பின்னால் வந்த எந்த ஃப்ரீவேயும் இல்லை.

தெற்கு முனையின் கதை வேறு. நகர மையத்துக்குப் போகும் வழியில் எலிசியன் பார்க் குன்றுகள் நிற்கின்றன. அவற்றின் ஊடே ஃபிகுரோவா தெருவுக்காக நகரம் நான்கு சுரங்கப்பாதைகளைக் குடைந்திருந்தது. மூன்று 1931இலும் நான்காவது 1936இலும் திறந்தன. லாஸ் ஏஞ்சலஸ் ஆற்றுப் பாலங்களுக்காகப் புகழ்பெற்ற மெரில் பட்லர் அவற்றின் வடிவமைப்பில் முக்கியப் பங்காற்றினார். அவை நகரத் தெருவுக்கான சுரங்கங்கள். பார்க்வே வந்து சேர்ந்ததும் அந்தத் தெருவே ஃப்ரீவேயின் பாகமாயிற்று. 1943இல் தெற்கே போகும் வண்டிகளுக்குக் குன்றின் மறுபக்கம் தனிச்சாலை வெட்டி, சுரங்கங்கள் நான்கையும் வடக்கே போகிறவர்களுக்கே விட்டார்கள். இன்று அங்கே வடக்கே போகும் ஓட்டுநர், 1930களின் தெருவில் போகிறோம் என்று அறியாமலே ஃப்ரீவே வேகத்தில் போகிறார்.

கடைசிச் சுரங்கம் முடிந்த உடனே இன்டர்ஸ்டேட் 5இன் வடக்குத் திசைக்கு இடதுபுறம் பிரியும் குறுகிய வழி வருகிறது. அதற்குரிய அறிவிப்பு தலைக்கு மேல் போதுமானபடி இல்லாததால், எண்ணற்ற பேர் அதைத் தவறவிட்டார்கள். அப்படித் தவறவிட்டவர்களில் ஒருவர் ஓவியர் ரிச்சர்ட் ஆங்க்ரம். அவர் மாநிலத் துறையின் விதிநூலைப் படித்து, அளவும் நிறமும் எழுத்தும் பிசகாமல் 5ஆம் எண் கேடயத்தையும் வடக்கு என்ற சொல்லையும் தயாரித்தார். 2001 ஆகஸ்டில் பணியாளர் உடையும் தலைக்கவசமும் அணிந்து, பட்டப்பகலில் பலகைக்கு மேல் ஏறிப் பொருத்தினார். மாநிலத் துறை அதைக் கழற்றவில்லை. 2009இல் பலகையைப் புதுப்பித்தபோது அந்தச் செய்தியைத் தன் புதிய பலகையிலேயே சேர்த்துக்கொண்டது. ஒரு குடிமகனின் குறிப்பு மாநிலத்தின் குறிப்பாக மாறிய அந்த நிகழ்ச்சி, இந்தச் சாலை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வளர்ந்ததே ஒழிய ஒரே சிந்தனையில் பிறக்கவில்லை என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

சுரங்கங்களுக்குத் தெற்கே நான்கடுக்குச் சந்திப்பு. உலகின் முதல் அடுக்குச் சந்திப்பு என்று கொள்ளப்படும் அது 1949இல் கட்டி முடிந்தும், இணைய வேண்டிய சாலைகள் தயாராகாததால் 1953வரை முழுப் பயனுக்கு வரவில்லை. பார்க்வேயும் நான்கடுக்குச் சந்திப்பும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள மனநிலை மாற்றம் பெரியது. பார்க்வே நிலத்தைக் கேட்டு வளைந்தது. சந்திப்பு நிலத்தைப் பற்றிக் கேள்வியே எழுப்பவில்லை. 1947இல் மாநிலம் பெட்ரோல் வரியை உயர்த்தி ஃப்ரீவேகளுக்கு நிரந்தர நிதி ஒதுக்கியது. 1956இல் இன்டர்ஸ்டேட் சட்டத்தின் கீழ் கூட்டாட்சி அரசு நூற்றில் தொண்ணூறு பங்கு செலவை ஏற்றது. பணம் தட்டுப்பாடில்லாமல் வந்ததும் அகலம், நேர்கோடு, வேகம் மூன்றுமே அளவுகோலாயின. 1954இல் பார்க்வேயின் பெயரே பசடீனா ஃப்ரீவே என்று மாற்றப்பட்டது. பார்க்வேயிலிருந்து பொறியாளர்கள் கற்றுக்கொண்டது அதன் குறைகளை மட்டும்தான். தடம் குறுகல், வளைவு கூர்மை, ஓரமில்லை என்ற பட்டியலைத் திருத்தி அடுத்த சாலைகளைக் கட்டினார்கள். அதன் நிறைகள் அடுத்த தலைமுறைச் சாலைகளுக்குப் போகவில்லை.

இதன் விலையை இதே வட்டாரம்தான் கொடுக்கவேண்டி வந்தது. லாங் பீச்சிலிருந்து வரும் 710ஆம் எண் ஃப்ரீவேயை அல்ஹாம்ப்ராவிலிருந்து சவுத் பசடீனா வழியாகப் பசடீனாவுக்கு நீட்ட மாநிலம் முடிவு செய்தது. ஒருமுறை பிளவுபட்ட சவுத் பசடீனா, இரண்டாம் முறை இணங்கவில்லை. 1973இல் நீதிமன்றம் தடை விதித்தது. அதற்குள் சாலைக்கென்று சுமார் 460 சொத்துகளை மாநிலம் வாங்கிவிட்டிருந்தது. அவற்றில் பல வீடுகள் பல்லாண்டு காலம் பூட்டிக் கிடந்தன. சுரங்கவழி என்ற மாற்று யோசனையும் வந்து, 2018இல் கைவிடப்பட்டது. 2020 மார்ச்சில் எல் செரினோவில் வீடில்லாத குடும்பங்கள் மாநிலத்தின் காலி வீடுகளுக்குள் குடிபுகுந்தன. பசடீனாவில் அறுந்து நின்ற 710இன் வடதுண்டு 2022இல் நகரத்திடமே ஒப்படைக்கப்பட்டது. அரை நூற்றாண்டுப் போராட்டத்தைச் சிலர் சொந்தக் கொல்லையைக் காக்கும் வசதிக்காரர் வழக்கு என்று ஒதுக்குவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 1930களில் சாலைக்கு ஒப்புக்கொண்டு, அதன் பள்ளத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த ஊர் அது. ஃப்ரீவே என்றால் என்ன என்று வேறெந்த ஊரையும்விட அதற்குத் தெரிந்திருந்தது.

இனி இன்றைய வழக்கு. பார்க்வே நாளொன்றுக்கு 27,000 வண்டிகளுக்காகக் கட்டப்பட்டது. இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை போகின்றன. 45 மைலுக்கு வடிவமைத்த வளைவுகளில் வேக வரம்பு 55 மைல், சுமார் 88 கி.மீ. லாரிகள் அனுமதிக்கப்படுவதில்லை என்பது ஒரு நிம்மதி. மழை நாளில் வளைவுகளில் நடக்கும் விபத்துகள் உள்ளூரில் யாருக்கும் புதிதல்ல. பாதுகாப்பைப் பேசுபவர்களின் கவலை முழுக்க நியாயமானது. ஆனால் தடங்களை அகலப்படுத்த வழியில்லை. ஒருபக்கம் கால்வாய், மறுபக்கம் குன்றும் பூங்காவும் வீடுகளும். அகலப்படுத்தினால் மிச்சமிருக்கும் பூங்காவும் போகும்.

பாரம்பரியத் தரப்பு தன் வெற்றிகளை ஒவ்வொன்றாகப் பெற்றுவிட்டது. 1999இல் அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கம் இதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 2002இல் தேசிய எழில்வழிச் சாலை என்ற தகுதி, 2010இல் பழைய பெயர், 2011இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேடு. மறுசீரமைப்பில் தடுப்புச்சுவர்களும் விளக்குகளும் பழைய சாயலில் செய்யப்பட்டன. எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. சுவரின் சாயலைப் பாதுகாத்தார்கள், வேகத்தைப் பாதுகாக்கவில்லை. 45 மைல் என்பது இந்தச் சாலையின் வடிவமைப்பில் மரங்களைவிட, பாலங்களைவிட அடிப்படையானது. அதைத் திருப்பிக் கொண்டுவந்தால் பாதுகாப்புத் தரப்பு கேட்பதும் பெருமளவு கிடைத்துவிடும். இரண்டு தரப்பும் ஒரே இடத்துக்கு வந்து சேரும் வழி அது ஒன்றே. 13 கி.மீ. பயணத்தில் அதனால் கூடும் நேரம் இரண்டு நிமிடம்கூட இராது. நெரிசல் நேரத்தில் அதுவும் இல்லை. தவிர, பழைய சான்டா ஃபே ரயில்பாதையில் 2003 முதல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய உயரமான இரும்புப் பாலத்தில் அது பார்க்வேயைக் கடக்கிறது. அவசரமுள்ளவருக்கு இந்தப் பள்ளத்தாக்கில் இப்போது வேறு வழி இருக்கிறது.

மூன்றாவது தரப்பான ஓடைக்காகப் பேசுபவர்கள் குறைவு. அரோயோ செக்கோ அறக்கட்டளை போன்றவர்கள் இருக்கிறார்கள். ராணுவப் பொறியாளர் படை மீட்புச் சாத்தியங்களை ஆராய்ந்திருக்கிறது. பசடீனா எல்லைக்குள் மேல்பகுதியில் நீரோட்டத்தைச் சீர்செய்து, இந்த ஓடையின் பூர்விகச் சிறுமீன் வகையைத் திரும்ப விட்டிருக்கிறார்கள். சாலையை ஒட்டிய கீழ்ப்பகுதியில் கான்கிரீட் அப்படியே இருக்கிறது. வெள்ள ஆபத்து உள்ளவரை கால்வாயை முழுக்க உடைக்க முடியாது என்பது உண்மைதான். அகலம் உள்ள பூங்காப் பகுதிகளில் படுகையைத் திறக்க முடியும் என்பதும் உண்மை. சாலை வேலை, ஓடை வேலை இரண்டும் 1938இல் கூட்டாக நடந்தன. இன்று தனித்தனித் துறைகள், தனித்தனி நிதி, தனித்தனி ஆய்வறிக்கை.

2003 ஜூன் 15, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆக்ஸிடென்டல் கல்லூரியின் முயற்சியால் பார்க்வே சில மணி நேரம் வண்டிகளுக்கு மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான மக்கள் அதில் நடந்தார்கள், சைக்கிள் விட்டார்கள். டாபின்ஸின் மரப்பாதை ஓடிய அதே வட்டாரத்தில் நூறாண்டு கழித்து சைக்கிள்கள் தடையின்றி ஓடின. 2023 அக்டோபர் 29 அன்று மீண்டும் ஒருமுறை அப்படி நடந்தது. பள்ளத்தாக்கின் வளைவுகளை மெதுவாகக் கடந்தவர்களுக்கு இது பூங்காச் சாலையாகவே கட்டப்பட்டது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாநிலப் போக்குவரத்துத் துறை செய்ய வேண்டியவை மூன்று. நான்கடுக்குச் சந்திப்பிலிருந்து கிளெனார்ம் தெரு வரை வேக வரம்பை 45 மைலாக்கி, அதைக் கண்டிப்பாக அமல்படுத்த வேண்டும். சாலைக்கான அடுத்த சீரமைப்புத் திட்டம் எதுவாயினும் வெள்ளத் தடுப்புத் துறையோடு சேர்ந்தே தீட்டி, ஓடைப் படுகையை அதில் சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு ஞாயிறு சாலையை மக்களுக்குத் திறந்துவிட வேண்டும். முதல் திறப்புக்கும் இரண்டாவது திறப்புக்கும் நடுவே இருபது ஆண்டுகள் போய்விட்டன. மூன்றாவதற்கு அவ்வளவு காலம் காத்திருக்கக் கூடாது.